ரிசர்வ் நாளில் மகளுக்குக் கல்யாணம் வைத்த தேதி சாருக்கு

கால்பந்தும் கிரிக்கெட்டும் ஒரே புல்லில் கைகலப்பில் இறங்காமல் காத்த கண்ணியரே! நாள் கேட்டு வந்தவர் எவரையும் நோகடிக்காத நல்லவரே! எங்கள் விளையாட்டரங்கத்தின் முன்பதிவு மேலாளரே, எல்லோருக்கும் தேதி சாரே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு, புல் வெட்டுவோர் முதல் நுழைவுச்சீட்டு கிழிப்போர் வரை அனைவரும் கூடி மகிழ்ந்து படைக்கும் மடல் இது.

பெயருக்குத்தான் இது பல்நோக்கு அரங்கம். ஆண்டில் பாதிக்கு மேல் கிரிக்கெட்டே கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். மிச்ச நாட்களுக்காக ஓட்டப் பந்தயத்தாரும் கால்பந்துக்காரர்களும் கச்சேரி நடத்துவோரும் தங்கள் மேசையை மொய்த்தபோது தாங்கள் கோபித்ததுமில்லை, குழைந்ததுமில்லை. "முதல்ல கேட்டவங்களுக்கு முதல்ல. ரெண்டாவதா வர்றவர் என் மாமனாரா இருந்தாலும் ரெண்டாவதுதான்" என்பதே தங்கள் சட்டம். உண்மையிலேயே தங்கள் மாமனார் மூத்தோர் நடைப் போட்டிக்குத் தேதி கேட்டு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனதை வாயிற்காவலர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

அப்பேர்ப்பட்ட தாங்களும் ஒருமுறை கோட்டை விட்டீர்கள். அதைச் சொல்லாமல் மடலை முடித்தால் எங்களுக்குத் தூக்கம் வராது. இறுதிப் போட்டிக்கு மறுநாள் அரங்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அந்த நாளிலேயே மகளின் கல்யாணத்தை அரங்க மண்டபத்தில் வைத்துவிட்டது. மழை வந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பதற்காகத் தாங்களே ஒதுக்கும் ரிசர்வ் நாள் அது என்பது, இறுதிப் போட்டியன்று மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியபோதுதான் உறைத்தது. மறுநாள் ஆட்டமென்றால் இரு அணிகளுக்கும் அந்த மண்டபத்தில்தான் சாப்பாடு. கல்யாணத்துக்கு இடமில்லை.

கிரிக்கெட் சங்கத் தலைவர் மனமிரங்கி, "மேட்சை அடுத்த வாரம் வெச்சுக்கலாம் சார். கல்யாணம்தான் முக்கியம்" என்றார். தாங்களோ, "மேட்ச்தான் முதல்ல பதிவாச்சு. கல்யாணம் ரெண்டாவது" என்றீர்கள். விருந்தினரெல்லாம் வந்து இறங்கியாயிற்று. தந்தையின் சட்டமே மகளின் கல்யாணத்தைத் தடுத்துவிடுமோ என்று நாங்கள் பயந்தோம்.

அப்போதுதான் மணப்பெண் நனைந்த குடையோடு அலுவலகத்துக்குள் வந்தார்.

"அப்பா, உள்ளரங்கத்துல இருக்கற பாட்மிண்டன் கோர்ட்டை நாளைக்கு யாராவது கேட்டிருக்காங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நான்தான் முதல்ல. எழுதிக்குங்க."

நாங்கள் கைதட்டிய சத்தத்தில் மழைச் சத்தமே கேட்கவில்லை. வலையை அவிழ்த்தோம், நாற்காலிகளைச் சுமந்தோம், ஸ்கோர் பலகை அக்கா மணமக்கள் பெயரை எழுதி வாசலில் மாட்டினார். காலையில் கல்யாணம், மதியம் ஆட்டம். இரண்டும் இனிதே தொடங்கின.

வழக்கம்போல் வாக்கி டாக்கியோடு கிளம்பிய தங்களை மகள் கைபிடித்து இழுத்து கேலரியில் உட்காரவைத்தார். "ஒரு மேட்சாவது என்கூட உட்கார்ந்து பாருங்கப்பா. சின்ன வயசிலேர்ந்து கேக்கறேன்" என்றார். இத்தனை ஆண்டுகளில் தாங்கள் ஒரு பந்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. நான்கு ஓவர் போவதற்குள் வாகன நிறுத்தத்தில் ஏதோ தகராறு என்று நாங்கள்தான் அழைத்தோம். எழுந்து ஓடினீர்கள். ஆட்டம் முடியும்வரை மகள் தங்கள் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை.

நெஞ்சம் நிறைந்தவரே, நோய் நொடி அண்டாமல், பேரப் பிள்ளைகளோடு பல்லாண்டு சிரித்திருங்கள். பொன்னாடையும் கைக்கடிகாரமும் மேடையில் தருவார்கள். எங்கள் பரிசு, வரும் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு கேலரியில் இரண்டு இருக்கைகள். மழை வரட்டும், வாகன நிறுத்தத்தில் அடிதடியே நடக்கட்டும், தங்களை யாரும் கூப்பிட மாட்டோம். மகளிடம் சொல்லிவிட்டோம். அவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பார்.

அன்பில் அகலாத,
அரங்கப் பணியாளர்கள் அனைவரும்