வரைபடத்தில் இருபதாவது கொட்டகை

தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு அண்ணனின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

மேடையில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாம் கூடியிருக்கும் இந்த வங்கி ஊழியர் கூடம் ஒரு காலத்தில் தகரக் கூரை போட்ட சினிமாக் கொட்டகை. அண்ணன் அளந்து வைத்திருக்கிறபடி பார்த்தால், நீங்கள் வீற்றிருக்கும் இடம் அதன் ஆண்கள் கழிப்பறை. நான் நிற்பது வாளி வைத்திருந்த மூலை. எனக்குப் பொருத்தமான இடம்தான். ஏன் என்று சற்று நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

அண்ணன் நகராட்சியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவையாளர். ஓய்வுக்குப் பின் நம் பழைய திரையரங்கு நினைவுக் குழுவின் செயலாளர். நமக்கெல்லாம் டேப் அண்ணன். இடுப்பில் அளவு டேப் இல்லாத அண்ணனைப் பார்த்தவர் இங்கே யாராவது உண்டா? அண்ணியிடமே கேட்டேன். தூங்கும்போது தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் என்றார்.

கொட்டகையை இடித்தால் போனது போனதுதான் என்போம் நாம். அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார். "செங்கல்தான போச்சு தம்பி, இடம் எங்க போகும்?" என்பார். துணிக்கடையோ மருந்துக்கடையோ, கும்பிட்டு அனுமதி வாங்கி உள்ளே நுழைவார். பழைய வரைபடத்தை விரிப்பார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, பின்னால் போங்க, இன்னும் போங்க என்று ஓட்டுவார். பிறகு, "இப்ப நீங்க திரைக்குள்ள நிக்கிறீங்க" என்பார். சுற்றிலும் சோப்பும் பற்பசையும் அடுக்கியிருக்கும். எனக்கு முதுகு சில்லிட்டுவிடும்.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவரிடம் போய், "நீங்க உக்காந்திருக்கிறது முதல் வரிசை. கழுத்து வலிக்குமே?" என்று கேட்டார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு வருசமா வலிக்குது சார். உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். மறுவாரமே மேசையைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

அண்ணனோடு நடந்து நடந்து இந்த நகரம் எனக்கு இரண்டாகிவிட்டது. பல்பொருள் அங்காடியில் நான் மட்டும் நிற்கிறேன். பின்னால் டிக்கெட் வரிசையின் மூச்சு பிடரியில் படுகிறது. திரும்பினால் யாரும் இல்லை. பலமுறை திரும்பிவிட்டேன். கடைக்காரர்கள் என்னைத் திருடன் என்று நினைக்கிறார்கள்.

இப்படிப் பத்தொன்பது கொட்டகைகளை அளந்து, நம் குழுவின் புதிய வரைபடத்தில் ஏற்றினார் அண்ணன். ஆனால் அடுத்த மாதம் அச்சுக்குப் போகும் வரைபடத்தில் இருபது இருக்கின்றன. அந்த இருபதாவது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான். அதை அண்ணனிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். உங்களிடமாவது சொல்ல வந்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் குழுவின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் குறைந்தது. நாளைக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார் அண்ணன். நகைச்சுவையாளன் என்று எனக்கு ஊரில் பெயர். வீட்டில் வேறு பெயர். சரக்கு இல்லாதவன் என்ன செய்வான்? நீதிமன்றத்துக்குப் பின் சந்தில் ஒரு 'தூண் கொட்டகை' இருந்ததாக அளந்துவிட்டேன். திரைக்கு முன்னால் பெரிய தூண். இடப்பக்கம் உட்கார்ந்தால் கதாநாயகன் தெரிவான், வலப்பக்கம் உட்கார்ந்தால் கதாநாயகி. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதையைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று எழுதினேன். நீங்களெல்லாம் சிரித்தீர்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள் காலை டேப்போடு வந்து நின்றார். "இது எப்படி நம்ம பட்டியல்ல விட்டுப் போச்சு?" என்றார். அச்சில் ஒருவன் பொய் எழுதுவான் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாமா? இல்லையா? 'சும்மா எழுதினேன் அண்ணே.' மூன்று சொல். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாளைக்குள் அவருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டார். அந்தச் சந்தின் தையற்காரர். புதுமாப்பிள்ளையாய் அங்கே படம் பார்த்தாராம்; அவர் வலப்பக்கம், மனைவி இடப்பக்கம். பிறகு பாத்திரக்கடைக்காரர் வந்தார். பிறகு ஓய்வுபெற்ற நர்ஸம்மா. மொத்தம் ஒன்பது பேர். அதில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், தூணுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது என்றார்கள். நண்பர்களே, என் கட்டுரையில் தூணுக்கு நிறமே கிடையாது.

சாட்சி கிடைத்தது, அளவு கிடைக்கவில்லை. அந்தச் சந்தில் ஒரு கொட்டகைக்கு அகலமே இல்லை. நான்கு ஆண்டுகள், வெயிலில், வலிக்கும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அளந்தார் அண்ணன். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது யார்? நான்தான்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது கேட்டார்: "எல்லாத்துக்கும் அளவு வந்துச்சு தம்பி. இது ஒண்ணுதான் வரல. நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

இதைவிட நல்ல வாய்ப்பு ஒருவனுக்குக் கிடைக்குமா?

"இடப்பக்கம் அண்ணே. ஏழாவது வரிசை" என்றேன்.

பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

போன வாரம் அண்ணி அவருடைய நோட்டை என்னிடம் கொடுத்தார். பத்தொன்பது கொட்டகைகளுக்கும் பக்கம் பக்கமாக எண்கள். இருபதாவதில் எண்கள் எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. ஒன்பது சாட்சிகளையும் அடித்திருந்தார். ஒருவருக்கு 'வேறு கொட்டகையோடு குழப்பம்', ஒருவருக்கு 'கட்டுரையைப் படித்தபின் வந்த நினைவு'. அண்ணன் ஏமாளி இல்லை. அத்தனை பேரையும் அவர் நம்பவில்லை. பக்கத்தின் அடியில், நடுங்கிய கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'அளவு பொருந்தவில்லை. எனினும் நேரில் கண்டவர் ஒருவர் உண்டு. நம்பத் தகுந்தவர்.'

அந்த ஒருவனை நம்பித்தான் வரைபடத்தில் ஏற்றியிருக்கிறார்.

அண்ணி, உங்கள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. அண்ணனுடைய பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கக் குழு முடிவு செய்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகும் தருவீர்களானால் ஏற்கிறேன். இனி இந்த நகரத்தில் இடிபடும் ஒவ்வொரு சுவரையும் இடிபடும் முன்பே அளப்பேன். என் முதல் வேலை, இருபதாவது பெயரை அடிப்பது. இரண்டாவது, ஒன்பது பேரின் வாசலுக்கும் போய், அப்படி ஒரு இடம் இல்லை என்று சொல்வது.

ஒருவருக்கு இங்கேயே சொல்லியாக வேண்டும். கூடத்துக்குள் வரும்போது வாசலில் தையற்காரர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியை இழந்து ஆறு மாதம் ஆகிறது அவருக்கு. "என் வீட்டுக்காரியும் போயிட்டா, அண்ணனும் போயிட்டாரு. இங்க வந்திருக்கிறதுல அந்தத் தூணப் பாத்தவங்க நீங்களும் நானும்தான் சார்" என்றார்.

ஐயா, என்னை மன்னியுங்கள். நான் பார்த்ததில்லை. பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.