இருபத்தாறு என்று சொன்னவருக்கு

அயோவா மாநிலத்து ஹெட்லண்ட் கல்லூரியின், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியின் தாக்குதல் ஆட்டத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் வகுத்துத் தந்த தளகர்த்தரே! சோளக்காட்டுப் பிள்ளைகளைச் சூரர்களாக்கிய சோர்வறியாச் செம்மலே! எங்கள் அன்புக்கும், இன்று எங்கள் ஆத்திரத்துக்கும் உரிய ஆர்லன் ஹாக்ஸ்டாட் அவர்களே, வணக்கம்!

தாங்கள் ஓய்வு பெறுகிறீர்களாம்! ஐம்பத்தெட்டு வயதில் என்ன ஓய்வு? "ஓய்வுன்னு போட்டுக்குவோம் ஆர்லன், உனக்கும் மரியாதையா இருக்கும்" என்று விளையாட்டுத் துறை இயக்குநர் வெல்டன் தங்கள் தோளைத் தட்டியது பக்கத்து அறையில் இருந்த எங்களுக்குக் கேட்டது. அவர் இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நன்றாகக் கேட்கட்டும்.

உள்ளூர்ப் பத்திரிகை, பள்ளிப் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவதுபோல் தங்களுக்கு 'டி' போட்டது. கல்லூரியின் ஆய்வுக் குழு அதை அப்படியே வழிமொழிந்தது. ஈரப் பந்தைப் பிடிக்க வாளித் தண்ணீரில் முக்கி முக்கிப் பழக்கிய பொறுமைக்கு 'டி'! தேர்வில் தவறிய வீரர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கருணைக்கும் 'டி'! எல்லாம் கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிக்காக.

நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்தோடு கடந்தால் ஆறு புள்ளி தரும் கோட்டுக்கு இரண்டே கெஜம், மிச்சம் ஒரே வாய்ப்பு. தாங்கள் "இருபத்தாறு" என்றீர்கள். பந்தை மூலைக்கு வீசும் ஆட்டம் அது. மூலையில் நம் வீரர் தன்னந்தனியாக நின்றார். பந்தோ நடுவே ஓடி, ஏழு பேருக்கு அடியில் நசுங்கியது. "யோவ் கிழவா, மறுபடியும் நடுவுலயா?" என்று அரங்கமே ஏசியது.

எண்ணைத் தாங்கள் சொல்வீர்கள். அந்த எண்ணுக்கு என்ன ஆட்டம் என்பதைப் பந்தை ஏவும் வீரரின் மணிக்கட்டில் கட்டிய அட்டை சொல்லும். வாரந்தோறும் புது அட்டை. அந்த வார அட்டையில் இருபத்தாறாம் வரி மட்டும் முந்தைய வாரத்தது: பந்தோடு நடுவே ஓடும் ஆட்டம். அதை மாற்ற மறந்தது, அட்டை அச்சடிக்கும் எங்கள் உதவிப் பயிற்சியாளர் அறை.

தாங்கள் வீரரின் மணிக்கட்டைப் பார்த்தீர்கள். அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நேரே நிருபர்களிடம் போய், "இருபத்தாறுன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது" என்றீர்கள். அட்டை அடித்தவருக்கு அப்போது குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தன. வேலை போனால் அதோடு வந்த மருத்துவக் காப்பீடும் போகும். "எவனாவது வாயைத் திறந்தீங்க, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க" என்று எங்களை அடக்கினீர்கள். நாங்களும் அடங்கிப் போனோம். வெட்கமாக இருக்கிறது.

ஏழு பேர் கொண்ட குழு மூன்று வாரம் ஆராய்ந்ததே, அந்த அட்டையைக் காட்டச் சொல்லி ஒருவராவது கேட்டாரா? காணொளியை நூறு முறை ஓட்டியவர்களுக்கு ஒரு வீரரின் கையைப் பார்க்கத் தோன்றவில்லையே!

குழந்தைகள் இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார்கள். ஆகவே தங்கள் கட்டளையை மீறுகிறோம், மன்னியுங்கள். முழங்கால் வலி தீர்ந்து, ஏரியில் மீன் வசப்பட்டு, தாங்கள் நெடுங்காலம் நலமே வாழ்க! அந்த அட்டை இன்னும் தங்கள் பையில் இருந்தால் தாருங்கள். இம்மடலுடன் சேர்த்துச் சட்டமிட்டு, இயக்குநர் அறைக்கு எதிர்ச் சுவரில் மாட்டுகிறோம்.

இங்ஙனம்,
தாக்குதல் ஆட்ட உதவிப் பயிற்சியாளர்கள்

எழுதி வாசிப்பவன்: லைல் பிரெக்கே. அந்த அட்டையை அடித்தவனும் நானே.