நன்றி சொல்லாத ஸ்காலர்ஷிப் பெண்

ஹப்சிகுடா ஸ்டேஷனில் மெட்ரோ ஏறிய இரண்டு அம்மாக்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

“என்ன திமிருங்க அந்தப் பொண்ணுக்கு!” என்றார் முத்துமாலை போட்டிருந்தவர். “ஸ்காலர்ஷிப் பசங்க ஆண்டு விழாவுல மேடையேறி ஸ்கூலுக்கு நன்றி சொல்றது வழக்கம். மிஸ் எழுதிக் குடுத்ததை மடிச்சு வெச்சுட்டு, ‘நான் நல்லாப் படிச்சேன், சீட் குடுத்தாங்க’ன்னு மைக்ல சொல்லிட்டு இறங்கிட்டா.”

“உங்க பொண்ணு நன்றி சொன்னாளா?” என்றார் மற்றவர்.

“அவ எதுக்குச் சொல்லணும்? நாங்க ஃபீஸ் கட்டுறோமே.”

“அதை உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடறாங்கன்னு சொன்னீங்களே?”

“அவர் உழைப்புக்குக் குடுக்கிறாங்க. அதுக்குப் போயி யாராவது மேடையேறி நன்றி சொல்வாங்களா?”

“அதைத்தானேங்க அவளும் மைக்ல சொன்னா!”

முத்துமாலைக்காரர் உடனே செல்போனை எடுத்துக்கொண்டார்.