பதினேழு கரும்புள்ளி

சிரிக்காதீங்க தம்பி, முதல்ல கேளுங்க. அன்னைக்கு எங்க வீட்டுல இருந்தது அஞ்சு பேரு. நான், எம் பொண்டாட்டி, எம் மச்சான், மாடி வீட்டு வாத்தியார், அப்புறம் பூனை. பூனையையும் சேத்துதான் சொல்றேன். அது ஒண்ணுதான் யோசனை சொல்லாம இருந்துச்சு.

ஆமா, இந்தக் கண்ணாடிதான். பாத்து... பாத்து வைங்க! கண்ணாடிக் கடைக்காரருக்கு நான் சொல்லித் தரணுமா? எம் பொண்டாட்டி தையல்காரி. தச்சதைப் போட்டுப் பாக்க வர்றவங்க இதுக்கு முன்னாடிதான் நின்னு திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. அதுல கரும்புள்ளி. எத்தனைங்கிறீங்க? பதினேழு. திருப்பி எண்ணினேன், பதினேழு. ஸ்டோர்ல முப்பத்தோரு வருசம் சாமான் எண்ணினவன், என்கிட்ட தப்பாது. ஒரு கல்யாணப் பொண்ணு வந்து நின்னு, "அக்கா, எம் மூக்குல மருவா?"ன்னு அழுதுச்சாம். அதுலேர்ந்து புதுசு வாங்கு, புதுசு வாங்குன்னு ஒரே பாட்டு.

நான் சொன்னேன், புள்ளி முன்னாடி இல்ல, பின்னாடி. வெறும் அழுக்கு. சுரண்டிட்டா முடிஞ்சுது. மச்சான் வேண்டாம்னான். என் கல்யாணத்துக்கே வேண்டாம்னவன்தானே அவன்! வாத்தியார் இருக்காரே, பெரிய மேதாவி... "அது அழுக்கில்ல சார், பின்னாடி பூசின ரசம் அரிச்சுப் போயிருக்கு. சுரண்டினா வெறும் கண்ணாடிதான் மிஞ்சும்"கிறார். நானென்ன அவர்கிட்ட டியூசனா கேட்டேன்?

பெயிண்ட் உரிக்கிற மருந்து ஒரு டப்பா வாங்கினேன். கண்ணாடிய கட்டில்ல குப்புறப் போட்டுத் தடவி, பத்து நிமிசம் விட்டு, தகட்டால இழுத்தா... அடடா, பின்பக்கப் பெயிண்டு சுருண்டு சுருண்டு வருது! கீழ வெள்ளியா மினுமினுன்னு ஒரு படலம். சரி, இதான் அழுக்கோட வேர்னு அதையும் வழிச்சேன். புள்ளிக்கு ஒரு இழுப்பு. பதினேழும் காலி! நிமித்தி வச்சா... புள்ளி இருந்த எடமெல்லாம் பின்னாடி இருக்கிற சுவரு தெரியுது. பதினேழு சன்னல் வச்ச வீடு மாதிரி! அந்த வாத்தியார் பின்பக்கம் போய், ஒரு சன்னல் வழியா எனக்குக் கையாட்டுறார் தம்பி!

எம் பொண்டாட்டி தையல் மெஷினைத் தூக்கி மச்சான் தோள்ல வச்சு, மாடிக்குப் போயிட்டா. வாத்தியார் வீட்டு பீரோ கண்ணாடி முன்னாடிதான் இப்போ தையல். இன்னையோட நாலு நாளு. பூனைக்குப் பால் கொண்டு வந்து வைக்க மட்டும் கீழ வர்றா. பூனைகிட்ட நல்லாத்தான் பேசுறா. நாளைக்கு அந்தக் கல்யாணப் பொண்ணு வருது. அதுக்குள்ள கண்ணாடி மாட்டிட்டா இவ இறங்கி வந்துருவா. இல்லேன்னா அந்தப் பொண்ணும் மாடி ஏறும், இவ அங்கயே தங்கிருவா.

இதுக்கே மறுபடி ரசம் பூசித் தர முடியாதா? முடியாதா! என்ன கடை வச்சிருக்கீங்களோ...

என்னது, புள்ளி எப்படி வந்துச்சா? வித்தவன் ஏமாத்திட்டான், வேறென்ன! வாங்குறப்போ ஒண்ணுகூட இல்ல. நான் எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? மத்தவங்க மாதிரி முன்பக்கம் மட்டும் தொடைக்கிற ஆளில்ல நான். ஞாயித்துக்கிழமை தவறாம கழட்டி, பின்பக்கமும் கழுவுவேன். எதாலயா? பாத்ரூம் கழுவுற ஆசிட்டுதான். ரெண்டே மூடி. அளந்துதான் ஊத்துவேன்...

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

...ஓ.

ஏழு வருசம். வருசத்துக்கு அம்பத்திரெண்டு ஞாயிறு.

சரி, புதுசே வெட்டுங்க. அஞ்சடிக்கு ஒண்ணரை அடி. ஆசிட்டு விசயம் மாடிக்குத் தெரிய வேணாம்... இல்ல, நானே ஏறிப் போய்ச் சொல்லிடுறேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான்... நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க தம்பி? தம்பி? டேப் எடுக்கப் போறேன்னு உள்ள போனவரு... தம்பி!

போயிட்டாரு.

கடையில மாட்டியிருக்கிற கண்ணாடி பன்னெண்டு. எல்லாத்துலயும் நான்தான் நிக்கிறேன். ஆக, யோசனை கேக்க மிச்சம் பன்னெண்டு பேரு. பன்னெண்டு பேரும் என்னையேதான் பாக்குறானுங்க.