தரையில் வைத்த சிலேட்டு

சாரம் பகுதியில் ஒரு வங்கி. உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை கைரேகை வைத்து நிரூபிக்கும் ஓய்வூதியக்காரர்களின் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள், ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள்.

"சிலேட்டத் தரையில வைக்கச் சொல்லுவீங்களே டீச்சர், என்னா ஒழுங்கு! உங்களப் பாத்துதான் என் வகுப்புலயும் அதையே வச்சேன்" என்றார் கண்ணாடி போட்டவர்.

"அது ஒழுங்குக்காக இல்ல டீச்சர்" என்றார் மெலிந்தவர்.

"பின்ன?"

"நான் படிக்கறப்ப, காலனிப் புள்ளன்னு வாத்தியார் என் சிலேட்டக் கையால வாங்க மாட்டாரு. கீழ வைக்கச் சொல்லுவாரு. நான் வேலைக்குச் சேந்த மொத வாரம் ஒரு புள்ள என் கையில குடுக்காம சிலேட்டக் கீழ வச்சுது. வீட்ல சொல்லி அனுப்பியிருக்காங்க. மறுநாளே எல்லாரும் கீழதான் வைக்கணும்னுட்டேன். அப்புறம் யாரு எதுக்கு வைக்கறாங்கன்னு தெரியாதில்ல."

வரிசை நகர்ந்தது. கண்ணாடி போட்டவர் நகரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்க அவ்ளோ ஆசையா செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?"

கண்ணாடி போட்டவர் ஓரடி முன்னே நகர்ந்தார்.

"உங்க பொண்ணும் உங்க வகுப்புலதான படிச்சா?"

"ஆமா. அவளும் கீழதான் வச்சா. ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் சிலேட்டத் தூக்கிக்கினு நின்னா. 'இங்கயாவது உன் கையில குடுக்கலாமாம்மா?'ன்னு கேட்டா."