கீழத்தெருவுக்கு லாரி வேண்டாம்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வந்தால் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும், ஐயா. கடல்காற்று வரும். பல ஆண்டுகள் நான் அப்படித்தான் வந்துபோனேன். வீடு கடலூர் செம்மண்டலத்தில், வேலை சிதம்பரத்தில். பொருளாதாரப் பேராசிரியர். மக்களின் நோயைச் சட்டத்துக்குப் புரியவைப்பது எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி.

பக்கிரியின் வழக்கில் அது முடியாமல் போனது. ரசாயன ஆலையை ஒட்டிய ஊரில், கீழத்தெருவில் இருந்தவர் அவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. அடிபம்புத் தண்ணீரில் ஆலைக்கழிவு கலந்திருந்தது. நான் சாட்சி சொன்னேன். நோய் உண்மை, கழிவும் உண்மை, இதனால்தான் அது வந்தது என்பதற்கு என்ன நிரூபணம் என்று நீதிமன்றம் கேட்டது. ஒப்பிட்டுக் காட்ட, நல்ல தண்ணீர் குடித்த தெரு ஒன்றும் அங்கே இல்லை. தீர்ப்பு வந்த மாதமே பக்கிரி இறந்தார். மனைவி சின்னம்மாள் அப்போது கர்ப்பிணி. இனி ஒருவரும் அப்படித் தோற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஊராட்சித் தலைவர் சிங்காரம் கீழத்தெரு, மேலத்தெரு இரண்டுக்கும் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார். நான் அவரைத் தனியே பார்த்து, மேலத்தெருவுக்கு மட்டும் போதும் என்றேன். கீழத்தெரு பம்பைத்தான் ஆழப்படுத்திவிட்டார்களே, தண்ணீரைச் சோதித்தேன், கெடுதல் இல்லை என்றேன். நம்பினார். சோதித்தது உண்மை. கெடுதல் அப்படியேதான் இருந்தது.

ஒரே ஊர், ஒரே சாப்பாடு, ஒரே வேலை, தண்ணீர் மட்டும் வேறு. அதைவிடத் தெளிவாக நிரூபிக்க வழி இல்லை, ஐயா.

குழந்தை சிந்துஜா பிறந்தாள். ஒருநாள் சின்னம்மாள் கேட்டார்: "சார், தண்ணி லேசா மஞ்சளா வருது. பாப்பாவுக்குக் குடுக்கலாமா?"

"காய்ச்சிக் குடும்மா."

காய்ச்சினால் அந்த விஷம் போகாது, இன்னும் கெட்டியாகும். எனக்குத் தெரியும். வேறு பதில் சொன்னால் தெருவே பம்பை விட்டுவிடும்.

நான் போகும்போதெல்லாம் சிந்துஜா என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவாள். அவளுக்கு முகம் வீங்கியபோது நான்தான் காரில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இரக்கமில்லாதவன் அல்ல நான். பள்ளியில் சேர்க்கும் வயதில் இறந்துபோனாள். அடக்கத்தில் சின்னம்மாளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

கீழத்தெருவுக்காக ஆலைமேல் மறுபடி வழக்குப் போட்டு, இந்த முறை ஜெயித்தோம். இரண்டு தெருவையும் ஒப்பிட்டு நான் சொன்ன சாட்சியைத் தீர்ப்பில் பாராட்டியிருந்தார்கள். அதைக் கேட்ட சிங்காரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாரியை யார் நிறுத்தியது என்று சின்னம்மாளிடம் போய்ச் சொன்னார்.

சின்னம்மாள் செம்மண்டலத்துக்கு, என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கத்தவும் இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மேலத்தெருவுலருந்து நானே சொமந்துகினு வந்திருப்பேனே சார்," என்றார்.

பக்கிரிக்கும் சேர்த்துத்தான் ஜெயித்திருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். படியிறங்கி, நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

அவர் சொன்னதெல்லாம் உண்மை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நாளை அந்தப் பம்பைப் பூட்டப்போவதாகச் சொன்னீர்கள். ஆலை மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது, ஐயா. கீழத்தெருவில் இன்னும் குழந்தைகள் இருக்கிறார்கள். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், அது முடியும்வரை பூட்டாதீர்கள். இல்லாவிட்டால் சிந்துஜா செத்தது வீணாகிவிடும்.