இப்திஹாலின் கீபோர்டில் வைத்த தக்காளி டப்பா

வாக்குமூலம் கொடுப்பவர்: ஷவ்கி, த/பெ அப்துல் மவ்கூத் ரிஸ்க், வயது 57, கெய்ரோ, இம்பாபா, 14ஆம் எண் கட்டிடம், நான்காம் மாடி. தொழில்: தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூத்த பொறியாளர். ரமலான் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. அழைப்பு இல்லாமல் தானாக நேரில் வந்தவர்.

நான் மேற்கண்ட முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். பாலைவனச் சாலையில் உள்ள எங்கள் நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அங்கே மூன்று லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். அதிகாரி மறுபடி கேட்டதன்பேரில், எங்கள் கட்டிடத்தில் மூவாயிரம் பேர் என்று திருத்திச் சொல்கிறேன். அந்தக் கட்டிடத்தின் கண்ணாடியைத் துடைக்கக் கயிற்றில் ஏறுகிறவர் இறங்கி வருவதற்குள் அவருக்குப் பேரன் பிறந்துவிடும். இதை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். எழுதுங்கள் அதிகாரி பாஷா, நான் எப்படிப்பட்ட ஆள் என்று நாளைக்கு நிறுவனம் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சை விளக்கு உண்டு. ஐந்து நிமிடம் எதையும் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைக் கூட்டிக் கழித்து மாதக் கடைசியில் தரவரிசை போடுவார்கள். கடைசியில் வருகிறவர்களை ‘முன்னேற்றப் பட்டியல்’ என்ற ஒன்றில் சேர்ப்பார்கள். அதில் சேர்ந்து முன்னேறியவர் ஒருவரும் இல்லை. நான் யோசித்தால் காலைத் தூக்கி மேஜைமேல் போட்டுக்கொண்டுதான் யோசிப்பேன், அப்போது மஞ்சள். ஒன்றும் யோசிக்காமல் மவுஸ் என்கிற எலியை உருட்டிக்கொண்டிருந்தால் பச்சை. ஆகவே விளக்கை எரிய வைக்கும் கலையில் நான் சக்கரவர்த்தி ஆனேன். வெற்றுக் கடிதப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, என்டர் விசைமேல் ஒரு பாட்டில் மூடியை வைத்து, அதன்மேல் கனமாக ஏதாவது வைத்துவிட்டால் போதும். பக்கம் தானாக ஓடிக்கொண்டிருக்கும், விளக்கு எரியும். இந்த முறையில் எழுபதாயிரம் பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கிடையாது. எங்கள் மாடியில் இதைக் கற்றுக்கொள்ளாதவர் இப்திஹால் ஒருத்திதான்.

இப்திஹால் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காருகிறவள், வயது முப்பத்தெட்டு, திருமணம் ஆகவில்லை. அவளுடைய தாய் ஹாஜ்ஜா ரதீபாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மதியம் ஒரு மணிக்கு மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பு. ஐந்து மணிக்கு முடியும். கொண்டு போய் விடவும் கூட்டி வரவும் வேறு ஆள் இல்லாததால் இரண்டு தரமும் இவள்தான் போக வேண்டும். அதனால் இவள் பெயர் இரண்டு மாதமாகப் பட்டியலில் இருந்தது. மூன்றாம் மாதமும் வந்தால் வேலை போய்விடும் என்று மனிதவளப் பிரிவு நெர்மீன் அம்மையார் அவளிடம் கடிதம் கொடுத்திருந்தார்.

ரமலான் பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளரின் நாட்டு நேரப்படி எங்களுக்கு ஏழு மணி வரை வேலை இருந்தது. நாலரை மணி சுமாருக்கு இப்திஹால் பையை எடுத்துக்கொண்டு தாயைக் கூட்டி வரக் கிளம்பினாள். வாடிக்கையாளரான மருந்துக் கடை நிறுவனத்தின் பழைய நகல்களை அழிக்கும் வேலை அவள் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னிடம், “சித்தப்பா, என் மெஷின்ல கை வைக்காதீங்க. ஓடி முடிஞ்சதும் எதை அழிக்கணும்னு ஒவ்வொண்ணா கேக்கும். நாளைக்கு வந்து பாத்துப் பாத்து பதில் சொல்லணும். மஞ்சள் வந்தா வந்துட்டுப் போகுது” என்று சொன்னாள். சரி மகளே என்று சொன்னேன். கீழேயிருந்து டாக்சிக்காரர் திரும்பத் திரும்பப் போனில் கூப்பிட்டதால் திரையைப் பூட்டாமல் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் விளக்கு மஞ்சளாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து போய் அவளுடைய எலியை அசைத்துவிட்டு வந்தேன். நோன்பு வேறு, காலையிலிருந்து சிகரெட் இல்லை, உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அலெக்சாண்டிரியா வரை நடந்து திரும்பியிருப்பேன். அதிகாரி எத்தனை தரம் என்று கேட்டதன்பேரில், இருபது தரம் இருக்கும் என்று சொல்கிறேன். நோன்பு திறக்கச் சொல்லி வெடிக்கும் பீரங்கிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பக்கத்து மேஜை ஃபத்ஹி, “வாங்க மகாராஜா, சூப் ஆறிப்போகுது. நீங்க வந்தாத்தான் சூரியன் இறங்கும்னு இருக்கா?” என்று கூப்பிட்டார். அதன் பிறகு நான் அவசரமாக என் கீபோர்டில் ஒரு மூடியும், இப்திஹாலின் கீபோர்டில் ஒரு மூடியும் வைத்தேன். நிறுவனம் எல்லோருக்கும் கொடுத்த ரமலான் பெட்டியில் அரிசி, சர்க்கரை, எண்ணெயோடு தக்காளி விழுது டப்பாவும் இருந்தது. என் பெட்டியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து மூடிகளின்மேல் வைத்தேன். என்னுடையதில் வெற்றுப் பக்கம் திறந்து வைத்தேன். அவளுடையதில் திறக்கவில்லை. மறந்துவிட்டேன்.

இந்த இடத்தில் நான் எழுந்து ஜன்னல் வரை போனேன். அதிகாரி உட்காரச் சொன்னதன்பேரில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு மேல் மாடியில் எல்லோரோடும் நோன்பு திறந்து, தொழுது, சிகரெட் குடித்துவிட்டு ஆறே முக்காலுக்கு இறங்கி வந்தேன். இப்திஹாலின் திரையில் ‘இந்த நகலை அழிக்கலாமா’ என்ற கேள்வி வரிசையாக வந்து முடிந்திருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு கேள்வி. என்டர் அழுந்தியே இருந்ததால் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் போயிருந்தது. பழைய நகல், கடைகள் நம்பியிருந்த அன்றைய நகல், எல்லாம். டப்பாவைத் தூக்கிப் பெட்டியில் வைத்தேன். மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஃபத்ஹியிடம் கத்தாயிஃப் பலகாரம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

மறுநாள் மருந்துக் கடைகளில் ஆர்டரையெல்லாம் தாளில் எழுத வேண்டியதாயிற்று என்று புகார் வந்தது. அதன் பிறகு நிறுவனம் விசாரணை நடத்தி, வாசல் அட்டைப்படி இப்திஹால் 4.28க்கு வெளியே போனது உண்மை, ஆனால் அவள் விளக்கு 6.45 வரை பச்சையாக இருந்தது, ஆகவே பட்டியலில் சேர்த்த கோபத்தில் அழிப்பு தானாக நடக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவு செய்தது. நான் ஏற்றி வைத்த பச்சை விளக்குதான் அவளுக்கு எதிரான சாட்சி. வியாழக்கிழமை காலை அவளை அலுவலகத்திலிருந்தே போலீசார் கூட்டிச் சென்றார்கள். நான் அப்போது கழிவறையில் இருந்தேன். போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

அன்று மதியமும் சனிக்கிழமையும் ஹாஜ்ஜா ரதீபாவை என் காரில் மருத்துவமனைக்கு நான் கூட்டிப் போனேன். சனிக்கிழமை திரும்பி வரும்போது அவர், “தம்பி, மூவாயிரம் பேர்ல நீ ஒருத்தன்தான் எட்டிப் பாத்தே. அல்லா உன் கையில நூர, ஒளிய வெக்கட்டும். என் பொண்ண இப்படி மாட்டிவிட்டவன் கை இருக்கே, அது அழுகிப் போகணும், ஒரு வாய் சோறுகூட அவனால அள்ளித் திங்க முடியக் கூடாது. ஆமீன் சொல்லுப்பா” என்று சொன்னார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆமீன் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று அவர் சொன்னதால் மறுபடியும் சொன்னேன்.

அதன் பிறகு சனி இரவும் ஞாயிறு முழுவதும் வீட்டில் நடந்துகொண்டே இருந்தேன். கீழ் வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். இன்று காலை வேலைக்குக் கிளம்பி, பாதி வழியில் காரைத் திருப்பி இங்கே வந்தேன்.

அதிகாரி நெர்மீன் அம்மையாரிடம் போனில் பேசிவிட்டு என்னிடம், “நீங்க வாயத் தொறந்தா புளுகுதான்னு அந்தம்மா சொல்லுது. போன வருஷம் வேறொருத்தர் செஞ்ச தப்புக்கும் நான்தான்னு கை தூக்கினீங்களாமே. நான் எத நம்பறது, இன்ஜினியர் சார்?” என்று கேட்டார். அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். போன வருடம் வீரம் பேச வந்தேன் பாஷா, இந்த முறை பயந்துகொண்டு ஆறு நாள் கழித்து வந்திருக்கிறேன் என்று சொன்னேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பதிலுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா என்று பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள், என் கீபோர்டிலும் அதே நேரத்தில் என்டர் விசை அழுந்தியே இருந்ததா என்று பாருங்கள், அந்த மாடிக் கேமராவில் நான் எத்தனை முறை அவள் மேஜைக்குப் போனேன் என்று எண்ணுங்கள் என்றும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். இப்திஹாலின் காவலை நீட்டிப்பது பற்றி நாளைதான் முடிவாகும் என்றும், அதுவரை என்னை வெளியே விட முடியாது என்றும் தெரிவித்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாளை செவ்வாய்க்கிழமை. ஒரு மணிக்கு ஹாஜ்ஜா ரதீபாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். அவர் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, கைப்பிடிச் சுவர் உடைந்திருப்பதால் இடது பக்கம் ஆள் நிற்க வேண்டும். நானும் இல்லை, அவர் மகளும் இல்லை என்றால் யார் போவது என்று அதிகாரியிடம் கேட்டேன். இது வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது, எழுதத் தேவையில்லை என்று அவர் சொன்னார். நான் மறுபடியும் கேட்டுக்கொண்டதன்பேரில் எழுதப்பட்டது.

மேலே எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அதுவே. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்) ஷவ்கி அப்துல் மவ்கூத் ரிஸ்க்
என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: (ஒப்பம்) விசாரணை அதிகாரி